உங்கள் ஊரில் ஒரு கேக்டஸ் மன்றம்: ஆள் சேர்ப்பதிலிருந்து கண்காட்சி வரை

மொட்டை மாடியில் முப்பது நாற்பது தொட்டி சேர்ந்துவிட்டால் கேக்டஸ் வளர்ப்பவருக்கு இரண்டு கவலைகள் வரும். பக்கக் கன்று விட்டுப் பெருகியதையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்பது ஒன்று. நேற்று வரை கல்லு மாதிரி இருந்த செடி இன்று அடியில் கொழகொழவென்று ஆகியிருக்கிறதே, இதை யாரிடம் காட்டிக் கேட்பது என்பது மற்றொன்று. நர்சரிக்காரர் விற்பதோடு சரி. வீட்டில் கேட்டால், "இன்னும் எத்தனை முள்ளு வாங்கப் போறீங்க?" என்ற எதிர்க்கேள்விதான் வரும்.

ஊரில் ஒரு மன்றம் இருந்தால் இரண்டு கவலையும் தீரும். அமெரிக்காவில் கேக்டஸ் பிரியர்கள் 1929-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். பிரிட்டனில் இரண்டு பழைய சங்கங்கள் 1983-ல் ஒன்றாக இணைந்தன. இந்தியாவில் சண்டிகருக்குப் பக்கத்தில் பஞ்ச்குலாவில் 1987-ல் தொடங்கிய தேசிய கேக்டஸ் தோட்டம் இருக்கிறது. புவனேஸ்வரின் ஏகாம்ர கானன் பூங்காவில் பெரிய சேகரிப்பு இருக்கிறது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ பள்ளிக்கூட அறையிலோ கூடும் பதினைந்து இருபது பேர்தான். அப்படி ஒரு கூட்டத்தைத் தொடங்கி, நிலைக்க வைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. சென்னை, கடலூர், திருச்சி, மதுரை மாதிரியான வெப்பச் சமவெளியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஊட்டி, ஓசூர்க்காரர்கள் காலங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேச்சை மட்டும் நம்பிய மன்றம் ஒரு வருடத்தில் படுத்துவிடும். வந்தவர் கையில் மண் ஒட்ட வேண்டும், போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் எப்படி நடத்துவது என்பதுதான்.

1. முதல் பத்துப் பேர்

விளம்பரம் வேண்டாம். நல்ல நர்சரி ஒன்றின் கல்லாவில் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இடத்தில் ஒரு வார்த்தை போடுங்கள். எட்டுப் பேர் வந்தால் போதும். அந்த எட்டில் மூன்று வகை ஆட்கள் இருந்தால் பாக்கியம்: பல வருடம் வளர்த்த ஒரு பெரியவர், எதையும் நோட்டில் எழுதிவைக்கும் ஒருவர், டீக்கு யார் ஏற்பாடு, அடுத்த கூட்டம் எங்கே என்று விடாமல் கேட்கும் ஒருவர். மூன்றாமவர்தான் உண்மையில் மன்றத்தை நடத்துவார். தலைவர் பதவியைப் பெரியவருக்குக் கொடுங்கள், செயலாளர் பதவியை இவருக்குக் கொடுங்கள்.

சேருவதற்கு நிபந்தனை ஒன்றே ஒன்று: முதல் முறை வரும்போது ஒரு செடி, அல்லது ஒரு வெட்டுத் துண்டு, கொண்டு வர வேண்டும். பிரண்டையோ இரணகள்ளியோ எதுவானாலும் சரி. வெறும் கையோடு வருபவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவார். செடியோடு வருபவரிடம் நாலு பேர் வந்து பேசுவார்கள்.

2. மாதக் கூட்டத்தின் அமைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் தேடுவார்கள்.

முதலில் மாற்று மேசை. ஆளுக்கு ஒன்றிரண்டு கன்றோ துண்டோ கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். பெயர் எழுதிய சீட்டு இல்லாத செடிக்கு மேசையில் இடம் கிடையாது. கூட்டம் முடியும்போது குலுக்கல் போட்டு, எண் வந்த வரிசைப்படி எடுத்துக்கொள்ளலாம். குலுக்கல் ஏன் என்றால், முதலில் வந்தவருக்கே நல்லது என்று விட்டால் காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்பார்கள். பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒரு இனத்தைப் பற்றி இருபது நிமிடம். ஒரு மாதம் மமிலேரியா, ஒரு மாதம் ஹாவொர்தியா, ஒரு மாதம் அடீனியம். (பின்னிரண்டும் கேக்டஸ் அல்ல, அதைப் போலவே தண்ணீரைச் சேமிக்கும் வேறு குடும்பச் செடிகள். மன்றத்தில் அவற்றுக்கும் இடம் உண்டு.) பேசுபவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அந்த இனத்தில் யார் யாரிடம் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்தாலே பாதிப் பாடம் ஆகிவிடும். ஒரே செடி ஒருவர் மாடியில் உருண்டையாகவும் இன்னொருவர் பால்கனியில் வெள்ளரிக்காய் போல நீண்டும் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம்.

மூன்றாவது, கைவேலை: மண் மாற்றுவது, ஒட்டுக் கட்டுவது, விதை போடுவது, ஏதாவது ஒன்று. கடைசியில் நோயாளிச் செடிகள். அப்புறம் டீ.

3. மழையைப் பார்த்துப் போடும் காலண்டர்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குளிர்காலம், வசந்தம் என்று திட்டம் போட்டால் இங்கே எதுவும் ஒத்துவராது. நமக்கு இருப்பது வெயிலும் வடகிழக்குப் பருவமழையும்தான்.

பொங்கல் முடிந்ததும் மண் மாற்றத் தொடங்கலாம். ஜனவரியும் பிப்ரவரியும் அதற்கு நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுக்கவில்லை. அடீனியத்தின் கிளைகளைக் கத்தரிப்பதும் இப்போதே. கண்காட்சி வைப்பதானால் பிப்ரவரி கடைசியில் வையுங்கள். மார்ச், ஏப்ரலில் மொட்டுகள் வரும். மகரந்தம் சேர்ப்பது, விதை போடுவது இந்த இரண்டு மாத வேலை. மே மாதம் கத்திரி வெயிலில் மாடியில் கூட்டம் போட்டால் செடியை விட ஆட்கள் வாடிவிடுவார்கள். ஃபேன் உள்ள அறையில் படம் போட்டுப் பேசும் மாதமாக அதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோர் வீட்டிலும் 50 சதவீத நிழல்வலை கட்டியாயிற்றா என்று அதற்கு முந்தைய மாதமே கேட்டுவிட வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வளர்ச்சிக் காலம். ஒட்டு, வெட்டுத் துண்டு எல்லாம் இப்போது பிடிக்கும். செப்டம்பர் கடைசிக் கூட்டத்தில் ஒரே தலைப்பு: கூரை. தெளிவான பாலிகார்பனேட் தகடோ, தடிமனான பாலித்தீன் தாளோ, மழை படாமல் காற்று மட்டும் ஓடுகிற மாதிரி போட வேண்டும். நான்கு பக்கமும் மூடி அடைத்தால் அழுகலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட கதைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நோயாளிச் செடி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

எந்தச் செடி நம் ஊருக்கு ஆகும் என்பதையும் புதியவர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகைச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து மூச்சு விடுபவை. சென்னையில் மே, ஜூன் மாதங்களில் பல இரவுகள் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதனால்தான் ஊட்டியில் தாமரை மாதிரி விரியும் எச்சிவேரியாவை இங்கே வாங்கி வந்தால், வந்த வேகத்தில் கால் நீட்டி, இலை உதிர்த்து, போய்விடுகிறது. லித்தாப்ஸ், கோனோபைட்டமும் அப்படித்தான். ஆசைப்பட்டு வாங்குபவரைத் தடுக்க முடியாது. ஆனால் மன்றம் பரிந்துரைக்கும் பட்டியலில் அவை வேண்டாம். மெலோகாக்டஸ் பிரேசில், கரீபியன் பக்கத்து வெப்பத்தில் பிறந்தது, குளிர்தான் அதற்கு ஆகாது. நம் கடற்கரை ஊர்களில் அருமையாக வரும். ஜிம்னோகலிசியம், அஸ்ட்ரோபைட்டம், தங்கப் பந்து எனப்படும் குருசோனி, மமிலேரியாவில் பல, அரை நிழலில் ஹாவொர்தியா, ஸ்டபீலியா, ஹுவர்னியா, எந்த நிலையிலும் சாகாத மருள் இனங்கள் எல்லாம் தொடங்குபவருக்குத் தைரியமாகக் கொடுக்கலாம்.

4. மண் கலவை

இதில் ஆளுக்கு ஒரு மதம். சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல், மன்றக் கலவை என்று ஒன்றை முடிவு செய்து, மொத்தமாகப் பொருள் வாங்கி, ஒரு கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கலந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு சல்லிப் பொருள்: உடைத்த செங்கல், பெர்லைட், கிடைத்தால் பியூமிஸ் எனப்படும் எரிமலை நுரைக்கல், கொஞ்சம் அடுப்புக்கரி. எல்லாம் 2 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். சல்லடை இரண்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. மீதி ஒரு பங்கில் செம்மண்ணும் நன்றாக மக்கிய இலைமக்கும், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும். எம்-சாண்ட் போடுவதானால் கழுவித் தூள் போக்காமல் போடாதீர்கள். அந்தத் தூள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தென்னைநார்த் தூளை அதிகம் சேர்க்க வேண்டாம், நம் மழைக்காலத்தில் அது காயவே காயாது. தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் சில விநாடிகளில் அடித்துளை வழியாக ஓட வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய கலவை எதுவானாலும் நல்ல கலவைதான்.

5. ஒட்டுக் கட்டும் நாள்

மன்றத்துக்குக் கூட்டம் சேர்ப்பதில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. கடையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்து வைத்த மாதிரி விற்கிறார்களே, அது பச்சையமே இல்லாத ஜிம்னோகலிசியம். கீழே உள்ள டிராகன் ஃப்ரூட் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அதையே வீட்டில் செய்து பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இரண்டு மாதம் முன்பே டிராகன் ஃப்ரூட் கொடியைப் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, சிறு தொட்டிகளில் வேர்விட வைத்துவிடுங்கள். தலைக்கு ஒன்று, உடைந்தால் மாற்ற நாலு கூடுதல். ஒட்டு நாளில் வேண்டியவை: புதிய பிளேடுகள் அல்லது கட்டர் கத்தி, மருந்துக்கடை ஸ்பிரிட், பஞ்சு, ரப்பர் பேண்ட். மேலே வைக்க ஜிம்னோகலிசியம் அல்லது மமிலேரியாவின் பக்கக் கன்றுகள், நெல்லிக்காய் அளவுக்குள்.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அடித்தண்டின் தலையை ஒரே இழுப்பில் தட்டையாக வெட்டுங்கள். ரம்பம் போல அறுக்கக் கூடாது. பிறகு மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுகிற மாதிரி சாய்வாகச் சீவிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், காயும்போது நடுச்சதை உள்வாங்க, தோல் விளிம்பு அப்படியே நின்று, மேலே வைத்த கன்றைத் தூக்கித் தள்ளிவிடும். வெட்டிய முகத்தின் நடுவில் வெளிறிய சிறு வளையம் ஒன்று தெரியும். அதுதான் நீரும் உணவும் போகிற குழாய் வளையம். கன்றின் அடியை வெட்டினாலும் அதே மாதிரி ஒரு சின்ன வளையம் இருக்கும். இரண்டு வளையமும் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படவேண்டும், ஒட்டின் சூட்சுமம் அவ்வளவுதான். இரண்டும் ஒரே அளவில் இருக்காது என்பதால் நடுவோடு நடு வைத்தால் சில சமயம் சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் போய்விடும். அதனால் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

கன்று தயாராகும் வரை அடித்தண்டின் வெட்டுமுகம் காயக் கூடாது. அதற்கு ஒரு வழி: தலையை வெட்டியதும் அதன்மேல் இன்னொரு மெல்லிய வில்லையை வெட்டி, எடுக்காமல் மூடி போல அப்படியே விட்டுவிடுவது. கன்றைக் கையில் எடுத்ததும் அந்த வில்லையை வழித்தெறிந்துவிட்டு, ஈரம் மின்னும் முகத்தில் கன்றை வைத்து, லேசாக அழுத்தித் திருகுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். ரப்பர் பேண்ட் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகத் தொட்டிக்கு அடியில் கொடுத்து மாட்டுங்கள். கன்று நசுங்கக் கூடாது, நகரவும் கூடாது. நிழலில், வெட்டுமுகத்தில் தண்ணீர் படாமல், ஏழு முதல் பத்து நாள். அதன்பின் ரப்பரை எடுத்தால், பிடித்தது உப்பி மினுமினுவென்று இருக்கும். பிடிக்காதது விரல் பட்டதும் விழும். பாதி விழுந்தாலும் முதல் தடவைக்கு மோசமில்லை.

டிராகன் ஃப்ரூட் அடித்தண்டு சில வருடங்களுக்குத்தான் தாங்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். நீண்ட காலத்துக்கு மிர்ட்டிலோகாக்டஸ் நல்லது. விதையில் முளைத்த பொடிக் குஞ்சுகளை வேகமாகப் பெரிதாக்க பெரஸ்கியாப்சிஸ் என்ற இலையுள்ள கேக்டஸைப் பயன்படுத்துகிறார்கள். அது அடுத்த கட்டம்.

6. இரண்டு வீட்டுப் பூக்கள், ஒரு விதை

தனியாக வளர்ப்பவரால் செய்ய முடியாத, மன்றத்தால் மட்டுமே முடிகிற வேலை இது. ஜிம்னோகலிசியம், அஸ்ட்ரோபைட்டம் போன்றவற்றில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே செடியிலிருந்து எடுத்த பக்கக் கன்றும் பயன்படாது, அதுவும் அதே செடிதான். வேறு விதையில் பிறந்த இன்னொன்று வேண்டும். உங்கள் வீட்டில் ஒன்று, வேளச்சேரிக்காரர் வீட்டில் ஒன்று. இரண்டும் ஒரே வாரம் பூத்தால் விதை கிடைக்கும். ஆகவே மார்ச் வந்ததும் யார் வீட்டில் எது மொட்டு விட்டிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். மன்றத்தின் வாட்ஸ்அப் குழு உருப்படியாகப் பயன்படும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். பூக்கும் நாள் ஒத்துவராவிட்டால், மகரந்தம் உள்ள கேசரங்களைக் காகிதத்தில் மடித்து, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் சில நாள் வைக்கலாம். சேர்ப்பதற்குச் சுத்தமான சின்ன பெயின்ட் பிரஷ் போதும்.

மெலோகாக்டஸுக்கு இந்தத் தரகு வேலையே வேண்டாம். பெரும்பாலும் தானே கருவுற்று, தலையில் உள்ள கம்பளித் தொப்பியிலிருந்து மிளகாய் வடிவில் இளஞ்சிவப்புப் பழங்களைத் தள்ளும். அதைப் பிதுக்கிக் கழுவி எடுத்த விதைதான் புதியவர்களுக்கான முதல் பாடம்.

விதைப்பு: கலவையைச் சலித்து, ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, சிறு பிளாஸ்டிக் கப்பில் நிரப்பி, அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்ச விடுங்கள். விதையை மேலே தூவினால் போதும், புதைக்க வேண்டாம். கப்பை ஜிப் பையில் போட்டு மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 25 முதல் 30 டிகிரி. நம் ஊரில் இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. அஸ்ட்ரோபைட்டம் இரண்டு மூன்று நாளிலேயே கண் திறக்கும், மற்றவை ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். முளைத்த உற்சாகத்தில் பையைத் திறந்துவிடாதீர்கள். இரண்டு மாதமாவது மூடியே இருக்கட்டும்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குப் பழக்குங்கள். பூஞ்சை வந்த கப்பை அன்றே தனியாக வைத்துவிட வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் அந்த முளைகள் பூக்கத் தொடங்கும்போது மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு விதை வங்கியே வந்துவிடும்.

பெயர்ச் சீட்டு பற்றி இங்கே ஒரு வார்த்தை. மார்க்கர் பேனா வெயிலில் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும். வெள்ளை பிளாஸ்டிக் துண்டில் சாதாரண பென்சிலால் எழுதினால் பல வருடம் நிற்கும். எழுதிய பக்கத்தைக் கொஞ்சம் மண்ணுக்குள் போகிற மாதிரி செருகினால் இன்னும் நல்லது. செடியின் பெயர், விதை போட்ட மாதம், யாரிடமிருந்து வந்தது, மூன்றும் இருக்கட்டும். விதையோடு சேகரிப்பு எண் வந்திருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். அந்தச் செடியின் முன்னோர் எந்த மலையில் நின்றது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது, ஒருமுறை தொலைந்தால் திரும்ப வராது.

7. நோயாளிச் செடி

"சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "வேரைப் பாத்தீங்களா?" என்பதே முதல் பதிலாக இருக்க வேண்டும். பார்த்திருக்க மாட்டார். அங்கேயே தொட்டியிலிருந்து உருவிக் காட்டுங்கள். வேரில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண் முழுவதையும் உதறி, வேரைக் கழுவி, பழைய வேரை வெட்டிவிட்டு, காயவைத்துப் புது மண்ணில் நட வேண்டும். முள்ளுக்கு நடுவே பஞ்சு போல இருப்பது மேலே வரும் மாவுப்பூச்சி. காதுகுடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். பிறகு, மாலையில், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புத் திரவமும் கலந்து தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் செடி வெந்துவிடும். நுனியில் துரு ஏறிய மாதிரி பழுப்பு பரவினால் சிவப்புச் சிலந்தி; அதற்கு லென்ஸ் இல்லாமல் பேச வேண்டாம்.

அழுகலுக்கு மருந்து கத்திதான். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு, பழுப்பு ஒரு புள்ளி கூட இல்லாத சதை வரும்வரை மேலே மேலே வெட்டிப் போங்கள். கந்தகத் தூளோ பூஞ்சைக் கொல்லியோ தடவி, நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, உலர்ந்த கலவையின் மேல் உட்கார வையுங்கள். வேர் வந்த பிறகுதான் தண்ணீர்.

நோயாளிகளுக்குத் தனி மேசை, மாற்று மேசையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில். மன்றத்திலிருந்து வாங்கிப் போகும் எந்தச் செடியையும் வீட்டில் ஒரு மாதம் தனியாக வைக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே போடுங்கள். இதைச் செய்யாத மன்றம் ஊர் முழுக்க மாவுப்பூச்சி விநியோகம் செய்யும் நிலையமாகிவிடும்.

கையுறை, கண்ணாடி விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி போன்ற யூஃபோர்பியாக்களின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல், பார்வையே சில நாள் மங்கலாம். பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும், மஞ்சள் வைத்தியம் எதுவும் வேண்டாம். சப்பாத்திக்கள்ளியின் பொடி முட்கள் தோலில் ஏறினால் இடுக்கியால் எடுத்தது போக மீதிக்கு வெள்ளைப் பசை தடவி, காய்ந்ததும் உரித்தெடுங்கள்.

8. வெளியே போவதும் பேச ஆள் கூப்பிடுவதும்

பெங்களூரு லால்பாக் ஒரு நாள் பயணத்துக்கு எளிது; ஜனவரி, ஆகஸ்ட் மலர்க்காட்சி நேரத்தைத் தவிர்த்தால் கேக்டஸ் பகுதியை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் நம் மண்ணின் செடிகளைப் பார்க்கும் நடைகளே எனக்குப் பிடித்தவை. வறண்ட பாறைக் குன்றுகளில் கல்லிமுளையான் என்ற சிறு சதைச்செடி நிற்கும். பூக்காத நாளில் கண்ணுக்கே தட்டுப்படாது. சதுரக்கள்ளி, கொடிக்கள்ளி, பிரண்டை, மருள் எல்லாம் ஒரே புதரில் கிடைக்கும். படம் எடுங்கள், நோட்டில் எழுதுங்கள், எதையும் பிடுங்காதீர்கள். உண்மையான கேக்டஸ் குடும்பத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளர்வது ரிப்சாலிஸ் பாக்கிஃபெரா ஒன்றுதான். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கைக் காடுகளிலும் மரக்கிளையில் தொங்கும். இலங்கை போகும் உறுப்பினர் இருந்தால் அதைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

பேச்சுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு: சைதாப்பேட்டை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து, ஸ்பெயின்காரர்களின் ஏகபோகத்தை உடைப்பது திட்டம். 1795-ல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்ததோ தரமான சாயம் தராத வேறொரு பூச்சி. சாயம் தேறவில்லை, ஆனால் அந்தப் பூச்சி வட இந்தியாவில் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்து 1830-களில் தென்னிந்தியாவுக்கும் கொண்டு வந்தார்கள். பூச்சியை வைத்துக் களையை அடக்கியதற்கு முதல் எடுத்துக்காட்டாக இதைத்தான் சொல்வது வழக்கம். மீதியிருந்த சப்பாத்திக்கள்ளிக் காடுகளை 1926-ல் இலங்கை வழியாக வந்த இன்னொரு கோச்சினீல் பூச்சி அழித்தது. நம் தாத்தா காலத்துக் கிராமத்தில் வேலியெல்லாம் கள்ளியாக இருந்து திடீரென்று காணாமல் போன கதையின் பின்னணி இது. வயதான உறுப்பினர்கள் இருந்தால் அவர்கள் கேட்ட கதைகளையும் சொல்லச் சொல்லுங்கள், கூட்டம் முடியவே முடியாது.

பூ பார்க்கும் இரவும் வையுங்கள். நிஷாகந்தி, நம்மில் பலர் பிரம்ம கமலம் என்று சொல்வது, மெக்சிகோ பக்கத்துக் கேக்டஸ்தான். மொட்டுக் காம்பு மேல்நோக்கி வளைந்து, மொட்டு உப்பிவிட்டால் அன்றிரவு விரியும். சாயங்காலமே எல்லோருக்கும் செய்தி போய்விட வேண்டும். எட்டரை மணி வாக்கில் நுனி பிரியும், நள்ளிரவுக்குள் முழுக்க விரியும், விடிவதற்குள் தொங்கிவிடும்.

9. எதை வாங்கக் கூடாது

கேக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015-ல் வெளியான உலகளாவிய ஆய்வு சொன்னது. சேகரிப்பவர்களின் ஆசையும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2020-ல் இத்தாலியில் ஒருவர் வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேக்டஸ்களைப் பிடித்தார்கள். பெரும்பாலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து திருடிய கோபியாபோவா இனக் கேக்டஸ்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டவை அடுத்த ஆண்டு சிலிக்கே திரும்பின. தென்னாப்பிரிக்காவில் கோனோபைட்டத்துக்கும் இதே கதி.

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் ஒப்பந்தம். கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அரியோகார்பஸ், டிஸ்கோகாக்டஸ் போன்றவை இன்னும் கடுமையான முதல் பட்டியலில். வெளிநாட்டிலிருந்து செடி தருவிக்க சைட்டிஸ் அனுமதியும், இந்தியாவின் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். "பார்சல்ல வந்துடும், கண்டுக்க மாட்டாங்க" என்பவரிடம் மன்றத்தின் பெயரில் எதுவும் வாங்காதீர்கள். ஒழுங்கற்ற வடிவம், வடுப்பட்ட தோல், வெட்டிய முரட்டு வேர், வயதுக்கு மீறிய மலிவு விலை, இவை சேர்ந்து வந்தால் அது காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். நம் விதை வங்கி இருக்கும்போது அது நமக்கு எதற்கு?

10. கண்காட்சி

இரண்டாம் வருடத்துக்கு முன் வைக்காதீர்கள். வைத்தால், தொட்டி அளவை வைத்துப் பிரிவுகள் போடுங்கள். பிரிட்டன் கிளைகளில் இது பழக்கம். நாலு அங்குலத் தொட்டிக்குள் கேக்டஸ், நாலு அங்குலத்துக்குள் மற்றவை, ஆறு அங்குலத்துக்குள், அடீனியம், தானே விதை போட்டு வளர்த்தது, நம் நாட்டுச் செடிகள். கடைசி இரண்டையும் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் பணம் இருப்பவர் முந்தின நாள் வாங்கிவந்த செடி பரிசு தட்டிக்கொண்டு போகும். அதைத் தடுக்க இன்னொரு விதியும் வேண்டும்: குறைந்தது ஆறு மாதம் தன்னிடம் வளர்ந்ததாக இருக்க வேண்டும்.

மதிப்பெண் 100 என்று வைத்தால் பாதியைச் செடியின் ஆரோக்கியத்துக்குக் கொடுக்கலாம், இருபதை வயதுக்கும் வளர்த்த சிரமத்துக்கும், இருபதைத் தொட்டியும் மேற்கல்லும் சேர்ந்த தோற்றத்துக்கும், பத்தைச் சரியான பெயர்ச் சீட்டுக்கும். நடுவர் வேறு ஊர்க்காரராக இருந்தால் மன்றத்தில் நட்பு மிஞ்சும். கொண்டுவருபவர்களுக்கு: தொட்டியைக் கழுவுங்கள், முள்ளிடையே தங்கிய தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டுங்கள், மேலே ஒரே நிறச் சரளை போடுங்கள். இலைக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பு ஏற்றிய செடியை நடுவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வாசல் பக்கம் விற்பனை மேசை, எதிரே பள்ளிப் பிள்ளைகள் துண்டு நட்டு எடுத்துப்போக ஒரு மேசை.

11. காசும் காகிதமும்

ஆண்டுச் சந்தா எல்லோரும் யோசிக்காமல் கொடுக்கும் தொகையாக இருக்கட்டும். உறுப்பினர் விற்கும் செடியில் பத்து சதவீதம் மன்றத்துக்கு. வரவுசெலவை ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டுப் படியுங்கள். ஒன்றிரண்டு வருடம் தாங்கிய பிறகு பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

12. வளர்த்தவர் போன பிறகு

யாரும் பேச விரும்பாத, ஆனால் ஒவ்வொரு மன்றத்துக்கும் வருகிற வேலை. நாற்பது வருடம் சேர்த்தவர் காலமானால், அல்லது பிள்ளைகளோடு வெளியூர் போனால், அந்த மாடியை என்ன செய்வது என்று வீட்டாருக்குத் தெரியாது. அடுத்த மழையில் பாதி போய்விடும். மூத்த உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் இருப்புப் பட்டியல் ஒன்றும், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண்ணும் வீட்டில் ஓரிடத்தில் இருக்கச் செய்யுங்கள். அழைப்பு வந்தால் இரண்டு பேராகப் போங்கள், அன்றே எதையும் எடுத்து வராதீர்கள். முதலில் பெயர்ச் சீட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து, விலை போட்டு, வீட்டாருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ள ஆசைப்படும் செடிகளுக்குத் தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். அரிய செடிகளை ஒருவரிடமே கொடுக்காமல் இரண்டு மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வீட்டில் அழுகினாலும் இன்னொரு வீட்டிலிருந்து மாற்று மேசைக்குக் கன்று வரும். சீட்டில் பழைய உரிமையாளரின் பெயரை அழிக்காமல், புதியவரின் பெயரை அதன் கீழே எழுதுங்கள்.